புல்லுக்குத் தண்ணீர் விடுவதைக் கட்டுப்படுத்துவது: நோட்டீஸ் ஒட்டியாயிற்று, யாரும் கேட்பதில்லை, அடுத்து என்ன?

ஹொரமாவு_செயலர்:

வணக்கம். பெங்களூரில் எங்கள் அபார்ட்மெண்ட் வளாகம்: 84 ஃபிளாட், பின்பக்கம் 6 வில்லா. பொதுப் புல்வெளி 600 சதுர மீட்டர், அதில் பாதிக்குமேல் போடியம் ஸ்லாப் (பேஸ்மெண்டுக்கு மேல் உள்ள கான்கிரீட் தளம்) மேல். வில்லாக்காரர்களுக்கு வாசலில் தனிப் புல். காவேரிக் குழாய்த் தண்ணீர் வாரத்தில் இரண்டு நாள், இரண்டு போர்வெல் (ஒன்றில் காற்றுதான் வருகிறது), மீதிக்கு டேங்கர். எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) ஓடுகிறது, அந்தத் தண்ணீர் ஃப்ளஷ்ஷுக்கு மட்டும்.

கமிட்டி போட்ட விதி: புல்லுக்குச் செவ்வாய், சனி மட்டும், காலை 7 மணிக்குள். லிஃப்ட், நோட்டீஸ் போர்டு, வாட்ஸ்அப், எல்லாவற்றிலும் போட்டாயிற்று. புதன்கிழமையும் ஓஸ் ஓடுகிறது. கேட்டால் மாலி (தோட்டக்காரர்) வில்லாவைக் கை காட்டுகிறார், வில்லாக்காரர் மாலியைக் கை காட்டுகிறார். அபராதம் போடலாமா? எவ்வளவு? யார் வசூலிப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அல்சூர்_ஏரிக்கரை:

முதலில் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். 2024 மார்ச்சில் ஜலமண்டலி (பெங்களூர்க் குடிநீர் வாரியம்) போட்ட உத்தரவுப்படி குடிநீரை வண்டி கழுவ, தோட்டத்துக்கு விட, கட்டட வேலைக்கு, ஃபவுண்டனுக்கு எல்லாம் பயன்படுத்தக் கூடாது. மீறினால் 5,000 ரூபாய். மறுபடி பிடிபட்டால் இன்னொரு 5,000, அதற்கு மேல் நாளுக்கு 500. தடை 1964-ஆம் வருட ஜலமண்டலிச் சட்டம் 33, 34 பிரிவுகளின்படி, அபராதம் 109-இன்படி. 2025 பிப்ரவரியில் அதே தடை திரும்ப வந்தது. புகாருக்கு 1916.

தடை இப்போது நடப்பில் இருக்கிறதா என்று 1916-லேயே கேட்டுக்கொள்ளுங்கள். நடப்பில் இருந்தால் செவ்வாய், சனி என்று நீங்கள் கொடுத்திருக்கும் அனுமதியே தப்பு. காவேரித் தண்ணீரை எந்தக் கிழமையிலும் புல்லுக்கு விட முடியாது. ஜலமண்டலிக்காரர் வந்து பார்த்தால் உங்கள் நோட்டீஸையே ஆதாரமாக எடுத்துக்கொள்வார். இன்னொன்று: அந்த 5,000 ரூபாயை வசூலிக்கும் அதிகாரம் ஜலமண்டலிக்கு, அசோசியேஷனுக்கு இல்லை. நீங்களே ரசீது கிழித்துவிடாதீர்கள்.

குழாய்_கணக்கு:

கிழமை வைத்துக் கட்டுப்படுத்துவது எங்கேயும் நிற்காது. வாரம் இரண்டு நாள்தான் என்றால், கிடைக்கிற அன்றைக்கே மூன்று நாள் பங்கையும் சேர்த்து ஊற்றுவார்கள். லிட்டரில் கட்டுப்படுத்துங்கள்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். மார்ச், ஏப்ரலில் பெங்களூரில் வெயில் காலப் புல் நாளுக்கு 3.5 மி.மீ. வாக்கில் உறிஞ்சும். 600 சதுர மீட்டருக்கு 2,100 லிட்டர். பச்சைப் பசேல் என்று வைத்திருக்கத்தான் இவ்வளவு. உயிரோடு வைத்திருந்தால் போதும் என்றால், வாரத்துக்கு ஒரே தடவை 10 மி.மீ., அதாவது 6,000 லிட்டர். ஒரு சின்ன டேங்கர்.

இப்போது எவ்வளவு போகிறது என்று பாருங்கள். 20 லிட்டர் வாளியை ஓஸ் வாயில் வைத்து, நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். முக்கால் இஞ்ச் ஓஸ் என்றால் பெரும்பாலும் நிமிடத்துக்கு 20 லிட்டர் பக்கம் வரும். அதை இரண்டு மணி நேரம் விட்டால் 2,400. இரண்டு ஓஸ் என்றால் 4,800. மாலி ஓஸைப் புல்லில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனால், அந்த ஒரே இடத்தில்தான் அத்தனையும் இறங்கும்.

போடியத்தில் இது இன்னும் மோசம். அங்கே மண் ஒன்று, ஒன்றரை அடிதான் இருக்கும். புல்லின் வேர் அதில் மேல் 10, 15 சென்டிமீட்டரில் நிற்கிறது. அந்த ஆழத்து மண் தாங்குவது 15 மி.மீ. வாக்கில். அதற்கு மேல் விட்டதெல்லாம் மண்ணுக்கடியில் இருக்கும் டிரெயின் செல் (வடிகால் தட்டு) வழியாகக் கீழே போய்விடும். பேஸ்மெண்ட் சீலிங்கில் ஈரத் திட்டு இருந்தால், வாட்டர்ப்ரூஃபிங்காரரைக் கூப்பிடும் முன்னால் மேலே எவ்வளவு விடுகிறார்கள் என்று பாருங்கள்.

ஹொரமாவு_செயலர்:

வாளிக் கணக்கு போட்டோம். ஒரு ஓஸில் 22 லிட்டர். மூன்று ஓஸ் இருக்கிறது. பேஸ்மெண்டில் ஈரத் திட்டும் இருக்கிறது.

எஸ்டிபி_கண்ணன்:

ஒண்ணு கேக்கறேன் சார். 84 வீட்டுக்கு எஸ்டிபி வெச்சிக்கிட்டு எதுக்குப் புல்லுக்குக் காவேரி?

கணக்கு இதுதான். 270 பேர்னு வெச்சுக்கங்க. தட்டுப்பாட்டுல ஆளுக்கு 100 லிட்டர்னாகூட 27,000. அதுல 85 சதவீதம் சாக்கடைக்கு வரும், 23,000 சுமார். ஃப்ளஷ்ஷுக்கு ஆளுக்கு 45 லிட்டர்னு 12,000 போச்சு. மீதி நாளுக்கு 11,000 லிட்டர் எங்க போகுது? யூஜிடி லைன் (ஊர்ப் பாதாள சாக்கடை) இருந்தா அதுல, இல்லன்னா காசு குடுத்து லாரில. உங்க புல்லு கேக்கறது 2,100. கட்டுப்பாடு தேவைப்படறதே லைன் மாத்திக் குடுத்ததாலதான். கார்டன் லைனைப் போர் டேங்க்ல கோத்திருப்பாங்க, பில்டர் ஆளுங்க செய்யற வேலை.

ஆனா அப்படியே ஓஸ் மாட்டி விட்டுறாதீங்க. நாத்தம்னு ஒரு வாரத்துல புகார் வரும், கமிட்டி பயந்து திரும்பக் காவேரிக்குப் போயிடும். நாத்தம் மூணு காரணத்துல வருது. சாண்ட் ஃபில்டர், கார்பன் ஃபில்டர் ரெண்டையும் தினம் பேக்வாஷ் (தண்ணிய எதிர்ப்பக்கமா விட்டுக் கழுவறது) பண்றதில்ல. இன்லெட், அவுட்லெட் பிரஷர் கேஜ் ரெண்டுக்கும் வித்தியாசம் அரை கிலோவுக்கு மேல போனா உடனே பண்ணணும். ரெண்டாவது, ட்ரீட்டட் டேங்க்ல தண்ணி ஒரு நாளுக்கு மேல சும்மா நிக்குது, கறுத்துப் போகும். ஒரு காத்து லைனை அந்த டேங்க்ல விடுங்க. மூணாவது ஹைப்போ (குளோரின் மருந்து) சரியாப் போடறதில்ல. 10,000 லிட்டருக்கு 5 பிபிஎம் (பத்து லட்சத்துல 5 பங்கு) போடணும்னா 10 சதவீத ஹைப்போ அரை லிட்டர். கேன் பழசானா வீரியம் பாதியாயிடும், வெயில்ல வெக்காதீங்க. போட்டு அரை மணி நேரம் கழிச்சு ஓடிஓ கிட்ல (மிச்ச குளோரினை நிறத்துல காட்டறது) பாத்தா 0.5லேர்ந்து 1 பிபிஎம் காட்டணும்.

ஸ்பிரிங்க்ளர் வேண்டாம். ட்ரீட்டட் தண்ணிய சாரலாப் பறக்க விடக் கூடாது, புல்லோட ஓடற மாதிரி ஓஸ்லயோ டிரிப்லயோ விடுங்க. ராத்திரி 10க்கு மேல, குழந்தைங்க விளையாடறதுக்குள்ள காஞ்சிடணும். டிரிப்னா முன்னால 120 மைக்ரான் டிஸ்க் ஃபில்டர் கண்டிப்பா, வாரம் ஒருதரம் பிரிச்சுக் கழுவணும்.

வில்லா_தோட்டம்:

எங்க வில்லாவுக்கு வருவது போர் தண்ணீர். உத்தரவு குடிநீருக்கு. போருக்கு மின்சாரப் பில்லில் எங்கள் பங்கையும் கட்டுகிறோம். அப்புறம் யார் யாரைத் தடுப்பது? லட்ச ரூபாய் செலவழித்துப் போட்ட புல்.

அல்சூர்_ஏரிக்கரை:

உத்தரவின் வார்த்தை குடிநீர்தான், அது சரி. ஆனால் உங்கள் வளாகத்தில் போரும் டேங்கரும் காவேரியும் ஒரே சம்பில்தான் (நிலத்தடித் தொட்டி) விழுகின்றன என்றால், அதிலிருந்து வருகிற எதையும் போர் என்று சொல்ல முடியாது. போரை மட்டும் தனியாகக் கொண்டுபோகும் குழாய் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் பேசுங்கள். 2024-இல் அரசு போர்களில் சுமார் 14,000-இல் 6,900 வற்றிவிட்டதாக முதலமைச்சர் சித்தராமையாவே சொன்னார். பொதுப் போரில் இறங்கும் தண்ணீர் ஆறு வில்லாவுக்கு மட்டும் சொந்தமில்லை, 84 வீட்டுக்கும் குளிக்க அதுதான்.

குழாய்_கணக்கு:

எந்தத் தண்ணீர் என்று வாய்ச்சண்டை போட வேண்டாம், கையில் பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பளவைக் காட்டுவது) போதும். காவேரி என்றால் பொதுவாக 150லிருந்து 250-க்குள் காட்டும். பெங்களூர் போர் 600-க்குக் கீழே அபூர்வம், 1,000 தாண்டியும் போகும். எஸ்டிபி தண்ணீரும் போர் அளவுக்குத்தான் காட்டும். அதனால் அந்த இரண்டையும் பிரிக்க, கண்ணன் சொன்ன ஓடிஓ கிட். ஹைப்போ போட்ட ட்ரீட்டட் தண்ணீர் என்றால் மஞ்சளாகும், போர் நிறம் மாறாது. காவேரியிலும் குளோரின் இருக்கும், ஆனால் டிடிஎஸ் குறைவு.

செய்யும் முறை: அன்று காலையே காவேரி வால்வு, போர் டெலிவரி, சம்ப், ட்ரீட்டட் டேங்க் நான்கிலும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஓஸ் வாயில் ஓடும்போதே பிடித்து அளக்க வேண்டும். ஓஸுக்குள் நேற்று நின்ற தண்ணீரைப் பிடித்தால் கணக்கு தப்பும், ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். வில்லா முன்னால் 400 காட்டினால் சம்பிலிருந்து வருகிற கலவை என்று அர்த்தம், போர் இல்லை.

மாடித்தோட்டம்_மகேஸ்வரி:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எஸ்டிபி தண்ணீர் விட்டு எங்கள் பக்கம் புல் முனையெல்லாம் எரிந்து, மண் மேல் வெள்ளையாகப் படிந்து, தண்ணீர் இறங்காமல் நிற்கிறது. அதனால்தான் யாரும் எஸ்டிபிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இதற்கு என்ன பதில்?

எஸ்டிபி_கண்ணன்:

சாஃப்ட்னர் (கடினத் தண்ணிய மென்மையாக்கற கருவி) இருக்கா மேடம்? போர் தண்ணிக்கு சாஃப்ட்னர் வெச்ச எல்லா இடத்துலயும் இதான் கதை. ஒரு ரீஜெனரேஷனுக்கு (அந்தக் கருவிய உப்புத் தண்ணி விட்டுப் புதுப்பிக்கறது) மூட்டை கணக்குல உப்பு போகுது. அந்த உப்புத் தண்ணிய எஸ்டிபி கலெக்‌ஷன் டேங்க்ல விட்டுட்டா, எஸ்டிபி அதை எடுக்காது. சோடியம் அப்படியே புல்லுக்கு வருது. களிமண் கலந்த மண்ணுல சோடியம் ஏறினா துவாரம் அடைச்சிக்கும், அதான் தண்ணி நிக்குது.

முதல் வேலை, ரீஜெனரேஷன் டிரெயினை எஸ்டிபிலேர்ந்து பிரிச்சு யூஜிடி லைன்ல தனியா விடணும். ரெண்டாவது வேலை ஜிப்சம், 100 சதுர மீட்டருக்கு 25லேர்ந்து 50 கிலோ. போட்டா மட்டும் போதாது, நல்ல தண்ணி இறங்கி சோடியத்தைக் கழுவிக் கீழ கொண்டு போகணும். இப்ப அதுக்குத் தண்ணி எங்க? மே மழைக்கு முன்னால தூவி வைங்க, மழை பாத்துக்கும். ஆர்ஓ கழிவுத் தண்ணியையும் புல்லுக்கு விடாதீங்க, தரை துடைக்க வெச்சுக்கங்க.

மாடித்தோட்டம்_மகேஸ்வரி:

சாஃப்ட்னர் இருக்கிறது. டிரெயின் எங்கே போகிறது என்று பார்க்கச் சொல்கிறேன். நன்றி.

புல்லும்_மண்ணும்:

மாலியை விட்டுவிட்டீர்கள். உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள், "புல்வெளி எப்போதும் பசுமையாக இருக்க வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும். மஞ்சளானால் சூப்பர்வைசர் அவர் கூலியில் கை வைப்பார். அப்புறம் அவர் நோட்டீஸைப் பார்ப்பாரா, கூலியைப் பார்ப்பாரா? மார்ச் முதல் மே வரை புல் பழுப்பானால் பிடித்தம் இல்லை என்று எழுத்தில் கொடுங்கள். அந்த ஒரு தாளுக்குப் பிறகு பாதி ஓஸ் தானாக நிற்கும்.

ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டியவை: வெட்டும் உயரம் 50லிருந்து 60 மி.மீ. மொட்டையாக வெட்டினால் மண் சுடும், தண்ணீர் அதிகம் கேட்கும். இந்த மூன்று மாதம் யூரியா கூடாது, போட்டால் புதுத் துளிர் வந்து தாகம் கூடும். வெட்டிய புல்லை அள்ளாமல் அங்கேயே விடலாம்.

என்ன புல் என்பதும் முக்கியம். அருகம்புல் வகை என்றால் பயமே வேண்டாம். காய்ந்து பழுப்பாகி, அடிக்கணு உயிரோடு இருக்கும், இரண்டு மழைக்குத் திரும்பி வரும். கொரியன் கார்ப்பெட்டும் கொஞ்சம் தாங்கும். மெக்சிகன் என்று நர்சரியில் விற்பது அவ்வளவு தாங்காது, நிழலில் இருந்தால் பிழைக்கும். உயிர் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு கொத்தைப் பிடித்து இழுங்கள். வேரோடு லேசாக வந்துவிட்டால் செத்தது. வராமல் நின்று, அடி வெளுப்பாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது.

தண்ணீர் இருப்பதில் முதல் பங்கு மரக்கன்றுக்கு. நட்டு இரண்டு வருடம் ஆகாத கன்றுக்கு வாரம் இரண்டு தடவை 20, 30 லிட்டர், அடியில் காய்ந்த இலை மூடாக்கு. புல் ஒரு சீசனில் திரும்ப வரும். மரம் போனால் பத்து வருடம் போச்சு.

ஹொரமாவு_செயலர்:

எஸ்டிபி லைன் மாற்ற மேஸ்திரி இரண்டு வாரம் கேட்கிறார். அதுவரை வில்லாக்களை எப்படி நிறுத்துவது? சிலர் ராத்திரியில் விடுகிறார்கள் என்று செக்யூரிட்டி சொல்கிறார். வில்லாவுக்குப் போகும் மெயின் வால்வையே மூடிவிடலாம் என்று கமிட்டியில் ஒருவர் சொல்கிறார்.

பைலா_பாண்டியன்:

மெயின் வால்வில் கை வைக்காதீர்கள். வீட்டுக்குக் குடிக்க, குளிக்கப் போகும் தண்ணீரை நிறுத்தினால் அடுத்த நாள் போலீஸ் ஸ்டேஷனில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தோட்டக் குழாய் வேறு, வீட்டுக் குழாய் வேறு.

அபராதம் பற்றி: 1972 கர்நாடக அபார்ட்மெண்ட் உரிமைச் சட்டம் பிரிவு 7-இன்படி ஒவ்வொரு உரிமையாளரும் பைலாவுக்கு (அசோசியேஷனின் விதித்தொகுப்பு) கட்டுப்பட வேண்டும். மீறினால் பாக்கியை வசூலிக்க, நஷ்ட ஈடு கேட்க, தடையாணை வாங்க வழக்குப் போடலாம். ஆனால் விதி பைலாவில் இருக்க வேண்டும். கமிட்டி ஞாயிற்றுக்கிழமை கூடி லிஃப்டில் ஒட்டினது பைலா ஆகாது. பொதுக்குழு கூட்டி, உங்கள் பைலா கேட்கிற பெரும்பான்மையோடு தீர்மானம் போடுங்கள்.

என் யோசனை, அபராதம் என்ற பேரே வேண்டாம். தண்ணீர்க் கட்டணம் என்று வைத்தால் சண்டை பாதியாகும். உதாரணமாக மாதம் ஒரு வில்லாவுக்கு 16,000 லிட்டர் வரை சாதாரண விலை (நான்கு பேர், ஆளுக்கு 135 லிட்டர் கணக்கு). 16லிருந்து 25 ஆயிரம் வரை இரண்டு மடங்கு. அதற்கு மேல், அந்த மாதம் அசோசியேஷன் கொடுத்த டேங்கர் விலையோடு ஒரு பங்கு கூட்டி. 2024 மார்ச்சில் கலெக்டர் நிர்ணயித்த விலை 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600, 12,000-க்கு 1,000. நீங்கள் உண்மையில் கொடுத்த பில்லை வைத்துப் போடுங்கள். ஆறு பேர் வீட்டை நான்கு பேர் அளவில் அடைக்காதீர்கள், தலைக்கணக்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வில்லா_தோட்டம்:

இது நியாயம். லிட்டருக்குக் காசு என்றால் கட்டுகிறோம். சும்மா போட்டோ எடுத்து குரூப்பில் போட்டு மானத்தை வாங்குவதைத்தான் எதிர்க்கிறோம்.

பைலா_பாண்டியன்:

அதுவும் சரி. வீட்டுக்குள் எட்டிப் பார்த்துப் போட்டோ எடுக்க வேண்டாம். மீட்டர் முகத்தை மட்டும் எடுத்தால் போதும்.

குழாய்_கணக்கு:

இரண்டு வாரத்துக்குள் செய்யக்கூடியது சொல்கிறேன். பொதுப் புல்வெளிக் குழாய்களைக் கழற்றிவிட்டு க்விக் கப்ளிங் வால்வு போடுங்கள். சாவி சொருகினால்தான் தண்ணீர் வரும், சாவி செக்யூரிட்டி மேஜையில், எடுத்தவர் பேர், நேரம், மீட்டர் ரீடிங் நோட்டில். அதுவரை கைப்பிடி கழற்றிய பால் வால்வு போதும். ஆனால் ஸ்பேனர் வைத்துத் திருப்பிவிடுவார்கள் என்பதால் பூட்டுத் துளை உள்ளதாக வாங்குங்கள்.

வில்லா ஒவ்வொன்றுக்கும் 20 மி.மீ. மல்டிஜெட் மீட்டர், பொதுத் தோட்ட லைனுக்கு 25 மி.மீ. வாங்கும்போது ஐஎஸ்ஓ 4064 முத்திரை பாருங்கள். முன்னால் ஒய் ஸ்ட்ரெய்னர் (குப்பை வடிகட்டி). ட்ரீட்டட் லைனில் நார் சிக்கி ஸ்ட்ரெய்னர் அடைக்கும், மீட்டர் நின்றுபோகும். யாரும் தண்ணீர் விடவில்லை என்று சந்தோஷப்படாதீர்கள், ஸ்ட்ரெய்னரைக் கழற்றிப் பாருங்கள். காலி லைனில் பம்ப் போட்டால் காற்று தள்ளி மீட்டர் வேகமாகச் சுற்றும். அதைக் காட்டித்தான் மீட்டர் பொய் என்பார்கள். நான்-ரிட்டர்ன் வால்வும் மேட்டில் ஒரு ஏர் வால்வும் போட்டால் அந்தப் பேச்சு போகும்.

இன்னொன்று, மீட்டரைக் கழற்றித் திருப்பி மாட்டினால் ரீடிங் பின்னோக்கி ஓடும். இரண்டு நட்டுக்கும் நம்பர் போட்ட சீல் கம்பி போட்டு, நம்பரை நோட்டில் எழுதுங்கள். ராத்திரித் திருட்டுக்கு யாரும் காவல் நிற்க வேண்டாம். 11 மணிக்கு ஒரு ரீடிங், 5 மணிக்கு ஒரு ரீடிங். வீட்டில் எல்லோரும் தூங்கும்போது 600, 800 லிட்டர் ஓடியிருந்தால் அது புல், அல்லது ஃப்ளஷ் டேங்க் ஒழுகல். ஒழுகல் என்றால் எல்லா ராத்திரியும் கிட்டத்தட்ட ஒரே அளவில் ஓடும். புல் என்றால் ஒரு நாள் 800, மறுநாள் 20. குற்றம் சாட்டும் முன்னால் நான்கைந்து ராத்திரி ரீடிங்கை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

புல்லும்_மண்ணும்:

கட்டுப்பாட்டை எப்போது எடுப்பது என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் தூறலுக்கே ஓஸ் வெளியே வரும். ஒரு மழைமானியை மொட்டை மாடியில் வையுங்கள். ஒரு வாரத்தில் மொத்தம் 10 மி.மீ. பதிவானால் அந்த வாரம் புல்லுக்கு ஒரு சொட்டும் வேண்டாம். கட்டுப்பாடு போக, தொடர்ந்து மூன்று வாரம் அப்படிப் பெய்து, டேங்கரும் நின்றிருக்க வேண்டும்.

ஹொரமாவு_செயலர்:

சீல், சாவி, மீட்டர் எல்லாவற்றுக்கும் எஸ்டிமேட் வாங்கிவிட்டோம். பொதுக்குழு இந்த ஞாயிறு. ஒரே சந்தேகம்: மூன்றாவது வில்லாவில் குழாய் சந்துக்குள் செங்குத்தாக ஏறுகிறது, படுக்கையாக நேர்க்குழாய் ஒரு சாண்கூட இல்லை. அங்கே மீட்டர் எப்படி?

குழாய்_கணக்கு:

மல்டிஜெட்டுக்கு நீளமான நேர்க்குழாய் கட்டாயமில்லை. ஆனால் படுக்கையாக, டயல் மேல் பார்த்து இருக்க வேண்டும். செங்குத்தில் மாட்டினால் குறைந்த ஓட்டத்தைப் படிக்காது, டிரிப் வைத்தவர்கள் தப்பித்துவிடுவார்கள். இரண்டு எல்போ போட்டுச் சுவருக்கு வெளியே முழங்கால் உயரத்துக்கு இழுத்து அங்கே மாட்டுங்கள். பூட்டு வால்வு மீட்டருக்கு முன்னால், முழுதாகத் திறந்த நிலையில் சீல். அரைகுறையாகத் திறந்தால் ஓட்டம் சுழன்று ரீடிங் தடுமாறும். வெயில் நேராகப் படாமல் ஒரு பெட்டி போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் கண்ணாடி மங்கி ரீடிங் தெரியாது.